மின்சாரக் கார் வருமுன் வீட்டு எர்த்தைப் பாருங்கள்

மன்னார்குடியில் மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். நீர்மூழ்கி மோட்டார், மோனோபிளாக், அரிசி மில் மோட்டார் என்று எரிந்துபோனதெல்லாம் என் பட்டறைக்கு வரும். பிரித்துப் பார்த்தால் பல சமயம் மோட்டார் மேல் ஒரு குற்றமும் இருக்காது. வோல்டேஜ் இறங்கியிருக்கும், ஒரு ஃபேஸ் போயிருக்கும், இல்லையென்றால் கசியும் மின்சாரத்தை மண்ணில் இறக்க வேண்டிய எர்த் கம்பி பேருக்குத் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் டாடா பஞ்ச் மின்சாரக் காருக்குப் பதிவு செய்தபோது வண்டியைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை. அதற்குத் தீனி போடப்போகிற வீட்டு லைனைப் பற்றித்தான் யோசித்தேன்.

சொன்ன தேதியில் வண்டி வராது. நிறம், மாடல், கப்பல், லாரி என்று ஏதாவது ஒரு காரணத்தில் தள்ளிப்போகும். கேட்கிற உறவுக்காரர்களுக்குப் பதில் சொல்லிச் சலித்துப்போகும். ஆனால் அந்த வாரங்கள் உண்மையிலேயே தேவை. வீட்டில் செய்ய வேண்டிய வேலை அவ்வளவு இருக்கிறது. வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு அவசரமாக இழுக்கும் வயரிங் ஒருநாளும் சரியாக வராது.

மூன்றாவது துளை

பவர் பிளக்கில் மேலே இருக்கும் பெரிய துளைதான் எர்த். டெல்டாவின் பழைய வீடுகளில் அந்தத் துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. சில வீடுகளில் கம்பி இருக்கும், தண்ணீர்க் குழாயில் கட்டி விட்டிருப்பார்கள். இன்னும் மோசம், எர்த்தையும், மின்சாரம் திரும்பிப்போகும் கம்பியான நியூட்ரலையும் பிளக்குக்குள்ளேயே இணைத்து வைத்திருப்பார்கள். மிக்சியும் ஃபிரிட்ஜும் எதையும் சொல்லாமல் ஓடிவிடும். கார் ஓடாது. காரோடு வரும் சார்ஜிங் கேபிளின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அது முதலில் எர்த்தைச் சோதிக்கும். எர்த் இல்லையென்றால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நிற்கும். புது வண்டி சார்ஜ் ஆகவில்லை என்று ஷோரூமுக்கு வரும் ஃபோன்களில் பாதிக்கு மேல் இந்த விஷயமாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

சோதிப்பது எளிது. ஒரு மல்டிமீட்டர் போதும். மின்சாரம் வரும் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட் காட்டினால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் ஏறக்குறைய அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பத்து, இருபது என்று காட்டினால் எர்த் சரியில்லை, அல்லது நியூட்ரல் எங்கோ லூசாக இருக்கிறது. வீட்டில் லோடு இல்லாதபோது ஒருமுறையும், ஏசியும் தண்ணீர் மோட்டாரும் ஓடும்போது ஒருமுறையும் பாருங்கள். இரண்டு அளவுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் வயரிங் ஆளைக் கூப்பிடாமல் மேலே போகாதீர்கள்.

புதிதாக எர்த் குழி போடுவதாக இருந்தால் நம் மண்ணைத் தெரிந்துகொண்டு போட வேண்டும். மன்னார்குடி, நீடாமங்கலம், திருவாரூர் பக்கம் களிமண். ஐப்பசியில் அதில் எந்தக் கம்பியை இறக்கினாலும் நல்ல எர்த்தாகத் தெரியும். மீட்டரில் அருமையான அளவு வரும். அதை நம்பிவிடக் கூடாது. சித்திரை வெயிலில் அதே வயலைப் போய்ப் பாருங்கள், கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். வீட்டு ஓரத்து மண்ணும் அப்படித்தான் சுருங்குகிறது. குழாயைப் பிடித்திருந்த களிமண் விலகிவிடும், நடுவில் காற்று நுழையும், எர்த் தடை ஏறிவிடும். கார்த்திகையில் ஒழுங்காக ஏறிய சார்ஜ் மே மாதத்தில் பாதியில் நின்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இரண்டரை மீட்டருக்குக் குறையாத ஜி.ஐ. குழாயை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு இறக்குவது பழைய முறை. செம்பு பூசிய கம்பியும் அதற்கென்று விற்கும் மாவுக் கலவையும் இப்போதைய முறை. எது செய்தாலும் அஸ்திவாரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, ஈரம் தங்கும் இடமாகப் பார்த்து இறக்குங்கள். எங்கள் வீட்டில் கொல்லைத் தென்னம்பாத்திக்குப் பக்கத்தில் இறக்கியிருக்கிறேன். பாத்திரம் கழுவும் தண்ணீர் அந்தப் பாத்திக்குத்தான் போகிறது, கோடையிலும் மண் காயாது. குழி வேறு இடத்தில் இருந்தால் பங்குனி முதல் ஆனி வரை வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் மணல். அங்கே வெடிப்பு கிடையாது, ஆனால் மேல் மணல் சீக்கிரம் காய்ந்துவிடும். இன்னும் ஆழமாக இறக்க வேண்டும்.

எட்டு மணி நேர லோடு

காருக்கென்று தனி லைன் இழுங்கள். கீஸர் பத்து நிமிடம் ஓடி நிற்கும், கிரைண்டர் அரை மணி. கார் 14 ஆம்பியர் வரை எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். வீட்டில் வேறெந்தப் பொருளும் இப்படி இழுப்பதில்லை. எங்கே ஒரு திருகாணி லூசாக இருக்கிறதோ அங்கே சூடு ஏறும். மெயின் போர்டிலிருந்து நேராக 4 சதுர மி.மீ. செம்பு வயர், அதற்கென்று லோடு மிஞ்சினால் லைனைத் துண்டிக்கும் 20 ஆம்பியர் எம்.சி.பி., மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இவை கட்டாயம். ஆர்.சி.சி.பி. வாங்கும்போது ‘டைப் ஏ’ என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண வகை, சார்ஜரிலிருந்து கசியும் எல்லா வகை மின்னோட்டத்தையும் உணராது.

நம் பக்கத்து வீடுகள் நீளமானவை. மீட்டர் திண்ணையில் இருக்கும், வண்டி கொல்லைத் தெருவில் நிற்கும். அத்தனை தூரத்துக்கு 4 சதுர மி.மீ. போதாது, 6 போடுங்கள். வயர் விலையில் மிச்சம் பிடிக்க வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பெட்டி வைத்துச் சார்ஜ் போடவே கூடாது. பிளக் பாயிண்ட்டும் நல்ல தரமாக, இண்டஸ்ட்ரியல் வகையாக இருக்கட்டும். முதல் நாள் சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து பிளக் டாப்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியவில்லையென்றால் உடனே நிறுத்திவிட்டுத் திருகாணிகளை முடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் மின்வாரிய அலுவலகம். நம் மாநிலத்தில் சிங்கிள் ஃபேஸ் வீட்டு இணைப்பு 4 கிலோவாட் வரைதான். கார் சார்ஜர் 3.3, ஏசி ஒன்றரை, தண்ணீர் மோட்டார் முக்கால் என்று கூட்டினாலே தாண்டிவிடுகிறது. த்ரீ ஃபேஸுக்கு விண்ணப்பம் போட்டு லோடை உயர்த்திக்கொள்ளுங்கள். கம்பத்திலிருந்து வயர் மாற்றுவது, மீட்டர் வருவது எல்லாம் நடக்க நாளாகும். காத்திருப்புக் காலத்தை விட்டால் இதற்கு நேரம் கிடைக்காது. சொந்த வண்டிக்கு வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் போடலாம், தனி மீட்டர் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பில் எவ்வளவு ஏறும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சின்னக் கார் ஒரு யூனிட்டுக்கு ஏழு எட்டு கிலோமீட்டர் ஓடும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 150 யூனிட், இரண்டு மாதப் பில்லில் 300. ஏற்கெனவே 300 எடுக்கிற வீடு 600-க்குப் போய்விடும். 500-ஐத் தாண்டியதும் முதல் சில நூறு யூனிட்டுக்குக் கிடைக்கும் மானியமும் குறைகிறது, ஆகவே பில் ஒரு தாவு தாவும். யூனிட் ஒன்பது ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டாலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள்தான் வருகிறது. பெட்ரோல் காருக்கு ஆறு ஏழு ரூபாய். மாடியில் சோலார் போடும் எண்ணம் இருந்தால் இதோடு சேர்த்தே யோசியுங்கள். 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் இருக்கிறது.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். களத்துமேட்டில் இருக்கும் பம்ப்செட் சர்வீஸிலிருந்து வயர் இழுத்துக் காருக்குச் சார்ஜ் போடலாமா என்று என் பட்டறையிலேயே கேட்டிருக்கிறார்கள். கூடாது. 1990 முதல் தமிழ்நாட்டு விவசாயிக்கு இலவசமாகக் கிடைக்கும் மின்சாரம் அது. பயிருக்குத் தண்ணீர் இறைக்கக் கொடுத்தது. காருக்கு எடுப்பது சட்டப்படி குற்றம். பிடித்தால் சர்வீஸும் போகும், அபராதமும் வரும். அதைவிட முக்கியம், அந்தச் சலுகை நமக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. அதற்குக் கெட்ட பெயர் வாங்கித்தர நமக்கு உரிமை கிடையாது.

சார்ஜ் போடும் நேரத்தையும் ஊர் நிலவரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். குறுவை நாற்றங்கால் சமயத்தில், மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் வரை, ஆழ்குழாய் மோட்டார்கள் எல்லாம் ஓடும். கிராமத்து டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜ் உட்கார்ந்துவிடும். ரொம்ப இறங்கினால் கார் சார்ஜர் தானாக நின்றுவிடும், வண்டிக்கு ஒன்றும் ஆகாது. இரவு பத்து பதினொன்றுக்கு மேல் போட்டால் வோல்டேஜ் நிதானமாக இருக்கும். பயப்பட வேண்டியது ஏறும் வோல்டேஜுக்குத்தான். காற்றில் கம்பத்து நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் வரை வந்துவிடும். டிவி, ஃபேன் எல்லாம் ஒரே நொடியில் போகும். வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் லைனைத் துண்டிக்கும் ரிலே ஒன்றை கார் லைனில் மாட்டிவிடுங்கள்.

வண்டி எடுக்கும் நாள்

காகிதங்கள் எளிது. மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம்தான். கட்டாயக் காப்பீடான மூன்றாம் நபர் பிரீமியத்தில் 15 சதவீதத் தள்ளுபடி உண்டு. பில்லில் அது கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் மாநிலம் மின் வாகனத்துக்குத் தந்துவரும் சாலை வரிச் சலுகை, நீங்கள் பதிவு செய்யும் தேதியில் எப்படி இருக்கிறது என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நம்பர் பிளேட் பச்சை, எழுத்து வெள்ளை. புகைச் சான்றிதழ் தேவையில்லை.

ஷோரூமில் மாலைபோட்டு ஃபோட்டோ எடுப்பதற்கு முன் வண்டியை அங்கேயே ஒருமுறை சார்ஜில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சார்ஜிங் கேபிள் டிக்கியில் இருக்கிறதா, ஸ்டெப்னி இருக்கிறதா இல்லை பஞ்சர் கிட் மட்டும்தானா என்று பாருங்கள். சில மாடல்களில் ஸ்டெப்னி கிடையாது, அது தெரியாமல் கோடியக்கரைச் சாலையில் நின்றால் சிரமம். பேட்டரி வாரண்டி பெரும்பாலும் எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். எதைச் செய்தால் அது ரத்தாகும் என்ற பக்கத்தையும் படியுங்கள். வெளியில் கொடுத்து வயரை வெட்டி ஹாரன், ஃபாக் லாம்ப் மாட்டுவது அதில் முதல் வரிசையில் வரும்.

பழகும் வாரங்கள்

என்னைவிட என் மனைவி சீக்கிரம் பழகிக்கொண்டார். கிளட்ச் இல்லை, கியர் இல்லை, ராஜகோபாலசுவாமி கோயிலைச் சுற்றியுள்ள நெரிசலில் ஊர்ந்து போக இதைவிட வசதியான வண்டி கிடையாது என்கிறார். பழைய கியர் வண்டியில் கை பழகியவர்களுக்குத்தான் கொஞ்ச நாள் ஆகும். நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை வருவதால் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் வண்டி துள்ளும். முதல் சில வாரம் இழுவையை அடக்கிச் சிக்கனமாக ஓடும் ஈகோ மோடில் மட்டும் ஓட்டுங்கள். மழையில் சேறு படிந்த வாய்க்கால் கரைச் சாலையில் எப்போதுமே ஈகோ மோடுதான்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக மெதுவாகும், அதுதான் ரீஜென். ஓடும் மோட்டாரை ஜெனரேட்டராக மாற்றி, வண்டியின் வேகத்தைத் திரும்ப மின்சாரமாகப் பேட்டரிக்கு அனுப்புகிறது. இதைக் குறைந்த நிலையில் வைத்துத் தொடங்கி, கால் பழகப் பழக ஏற்றுங்கள். பின்சீட்டில் அம்மா உட்கார்ந்திருந்தால் ஏற்றவே வேண்டாம், வயதானவர்களுக்கு அந்த இழுப்பு குமட்டும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நூறு சதவீதம் சார்ஜ் ஆன காலையில் பேட்டரியில் இடம் இருக்காது, அதனால் ரீஜென் பிடிக்காது. நேற்று ஆக்சிலரேட்டரை விட்டதும் நின்ற வண்டி இன்று உருண்டுகொண்டே போகும். தெரு தாண்டும் வரை பிரேக்கில் கால் இருக்கட்டும்.

என் வண்டிக்கு 35 கிலோவாட் மணி பேட்டரி, அதாவது 35 யூனிட் பிடிக்கும் டேங்க். விளம்பரத்தில் 421 கிலோமீட்டர் என்றார்கள். ஏசி போட்டு, குடும்பத்தோடு, நம் சாலைகளில் 250 முதல் 280 வரை வருகிறது. இதற்காக வருத்தப்பட எதுவும் இல்லை. பெட்ரோல் வண்டியும் விளம்பர மைலேஜ் தருவதில்லை. ஆனால் திரையில் தெரியும் ‘இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும்’ என்ற எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நேற்று நீங்கள் ஓட்டிய விதத்தை வைத்து வண்டி போடும் கணக்கு அது. சதவீதத்தைப் பாருங்கள். ஒரு சின்ன நோட்டு போட்டு, வழக்கமாகப் போகும் ஊர்களுக்கு எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று எழுதி வையுங்கள். எனக்கு மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போக 15 சதவீதம், திருச்சி போய்த் திரும்ப 80-க்குள். தஞ்சையிலிருந்து திருச்சி வரை நாலுவழிச் சாலையில் நூறில் போனால் கூடும், எண்பதில் போனால் குறையும். நம் டெல்டா தட்டை நிலம், மேடு கிடையாது, வேகமும் அதிகம் போக முடியாது. மின்சாரக் காருக்கு இதைவிடத் தோதான நிலம் குறைவு.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்கு அந்தக் காத்திருப்பு தெரியும். பெட்ரோல் வண்டியில் இன்ஜினை நிறுத்தினால் வேர்க்கும், ஓடவிட்டால் காசு. இதில் ஏசி மட்டும் ஓடும். இருபது நிமிடம் நின்றாலும் ஒரு சதவீதம் போகும், அவ்வளவுதான். அம்மாவைத் தஞ்சாவூருக்குக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போகும்போது எனக்குப் பெரிய நிம்மதி இதுதான்.

தினமும் எவ்வளவு ஏற்றுவது என்பது பேட்டரி வகையைப் பொறுத்தது. எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி என்றால் கையேட்டில் சொன்னபடி அவ்வப்போது நூறு வரை ஏற்ற வேண்டும், அப்போதுதான் சதவீதக் கணக்கு சரியாக இருக்கும். என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) என்றால் அன்றாடத்துக்கு 80 போதும். எந்த வகையானாலும் இருபதுக்குக் கீழே இறக்கிப் பழகாதீர்கள். வெயிலில் ஓட்டி வந்ததும் உடனே சார்ஜில் போடாமல் அரை மணி நிழலில் நிறுத்திவிட்டுப் போடுவது என் வழக்கம். டயர் காற்றை மாதம் இருமுறை பாருங்கள், காற்று குறைந்தால் ஓடும் தூரம் குறையும். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்தால் ரிமோட்டில் கதவுகூடத் திறக்காது. ரொம்ப நாள் ஊருக்குப் போவதாக இருந்தால் யாரையாவது ஒருமுறை ஓட்டி வைக்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.

சென்னைப் பயணம்

மன்னார்குடியிலிருந்து சென்னை முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரே சார்ஜில் போக முடியாது, வழியில் ஒருமுறை போட வேண்டும். ஜியான், டாடா பவர், ஸ்டேடிக் போன்ற ஆப்களை வண்டிக்குக் காத்திருக்கும்போதே ஃபோனில் ஏற்றிப் பணமும் போட்டு வைத்துவிடுங்கள். சார்ஜர் முன்னால் நின்றுகொண்டு ஓ.டி.பி.க்குக் காத்திருக்கும் நிலை வேண்டாம். தஞ்சை, கும்பகோணம், திருச்சியில் சார்ஜர்கள் உண்டு. விக்கிரவாண்டி தாண்டி சென்னைச் சாலையில் கவலையே இல்லை. கடலோரம் போகப் போகக் குறையும். அந்தப் பக்கம் போகும்போது வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

வரைபடத்தில் சார்ஜர் இருப்பதும் அது வேலை செய்வதும் வேறு. கடைசியாக எப்போது அதில் வண்டி சார்ஜ் ஆனது என்று ஆப்பில் பாருங்கள், அந்த ஓட்டலுக்கு ஒரு ஃபோன் போட்டும் கேளுங்கள். ஒரு சாலையோரச் சார்ஜர், ஆப்பில் பச்சையாகத் தெரிந்தும் கரண்ட் இல்லாமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் முப்பது சதவீதம் இருக்கும்போதே நிறுத்துங்கள். அடுத்த சார்ஜருக்குப் போக அப்போதுதான் இடம் இருக்கும். எண்பது வந்ததும் எடுத்துவிடுங்கள். குடம் விளிம்பை எட்டும்போது குழாயைச் சிறிதாக்குவதுபோல எண்பதுக்கு மேல் சார்ஜர் வேகத்தைக் குறைத்துவிடும், பின்னால் நிற்பவருக்கும் சங்கடம்.

நெல், உளுந்து, வாத்து

தை, மாசியில் நம் சாலைகளில் பாதி அகலம் நெல் காயும். மின்சாரக் காருக்குச் சத்தம் கிடையாது. சாலை ஓரத்தில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு நெல்லைத் துழாவும் அம்மாவுக்கு நீங்கள் பின்னால் வருவது தெரியாது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு, தூரத்திலேயே ஒருமுறை சின்னதாக ஹாரன் அடியுங்கள். பக்கத்தில் வந்து அடித்தால் பதறி எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. “தம்பி, வண்டி வருதுன்னு ஒரு கொரல் குடுக்கக் கூடாதா?” என்று வடுவூர்ப் பக்கம் ஒரு பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி. அதிலிருந்து நெல் காயும் இடங்களில் கண்ணாடியை இறக்கிவிட்டு, தேவையானால் குரல் கொடுத்துவிட்டே போகிறேன்.

அறுப்பு முடிந்த வயலுக்கு வாத்துக்காரர்கள் வருவார்கள். நூற்றுக்கணக்கில் சாலையைக் கடக்கும். இன்ஜின் சத்தம் கேட்டால் கூட்டம் ஓரமாக ஒதுங்கும், உங்கள் வண்டிக்கு ஒதுங்காது. கடைசி வாத்து போகும்வரை நின்றுவிடுங்கள், கோலோடு நிற்பவர் கை காட்டுவார். நிற்பதால் உங்களுக்கு ஒரு செலவும் இல்லை.

பங்குனியில் உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பிவிடுவார்கள், வண்டிகள் ஏறி மிதித்தால் காய் உதிரும் என்று. நம் வண்டியில் கொதிக்கும் சைலன்சர் இல்லைதான், ஆனாலும் செடியும் வைக்கோலும் சக்கர அச்சில் சுற்றிக்கொள்ளும், உராய்ந்து சூடேறும். முடிந்தால் சுற்றுவழி போங்கள். ஏற வேண்டி வந்தால் மெதுவாகத் தாண்டிவிட்டு இறங்கி அடியில் பார்த்துவிடுங்கள். வீட்டில் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் காரை நிறுத்தாதீர்கள். எலி வரும், வந்தால் வயரைக் கடிக்கும். பானட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் தெரிவதெல்லாம் உயர் அழுத்தக் கேபிள். அதில் பல் பட்ட தடம் தெரிந்தால் கை வைக்காமல், வண்டியையும் எடுக்காமல், கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள்.

மழைக்காலம்

“தண்ணியில போனா ஷாக் அடிக்குமாண்ணே?” என்று டீக்கடையில் கேட்காத ஆள் இல்லை. அடிக்காது. உயர் அழுத்தச் சுற்றுக்கும் வண்டி உடம்புக்கும் தொடர்பே இல்லாமல் அமைத்திருக்கிறார்கள், கசிவு இருக்கிறதா என்று வண்டியே பார்த்துக்கொண்டிருக்கும். பேட்டரிப் பெட்டிக்கு ஐ.பி. 67 (தூசியும் தண்ணீரும் புகாத அளவைச் சொல்லும் குறியீடு) தரம் என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி இருந்தாலும் தண்ணீர் புகாது. இதை நம்பி வெள்ளத்தில் இறக்கலாம் என்று அர்த்தமில்லை. சக்கரத்தின் நடுமூடிக்கு மேல் தண்ணீர் நிற்கும் இடத்தில் எந்தக் காரும் போகக் கூடாது. நம் ஊரில் சாலை எது வாய்க்கால் எது என்று தெரியாமல் தண்ணீர் நிற்கும்போது ஆழத்தைக் கணிக்கவே முடியாது. இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையேறிய பிறகு எங்கள் பக்கத்தில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. அதனால் புயல் சின்னம் என்று செய்தி வந்ததும் முதல் வேலையாக வண்டியை நூறு வரை ஏற்றி, மரம் இல்லாத மேடான இடத்தில் நிறுத்துங்கள். வீட்டு இன்வெர்ட்டரால் காருக்குச் சார்ஜ் போட முடியாது. வாடகை ஜெனரேட்டரில் போடுவதானால் அதற்கும் முறையாக எர்த் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதே சிவப்பு விளக்குதான்.

சில மாடல்களில் காரிலிருந்தே மின்சாரம் எடுக்கும் வி2எல் வசதி உண்டு. என் மச்சானின் நெக்ஸான் காரில் 3.3 கே.வி.ஏ. வரை எடுக்கலாம். ஃபேன், விளக்கு, ஃபிரிட்ஜ், ஃபோன் எல்லாம் தாராளமாக ஓடும். தண்ணீர் மோட்டாரை யோசித்துப் போடுங்கள். ஒரு எச்.பி. மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், வண்டி டிரிப் ஆகிவிடும்.

அந்த வயரைக் கொண்டுபோய் வீட்டுப் பிளக்கில் செருகி வீடு முழுக்க விளக்கெரிய வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மெயினை அணைத்திருந்தாலும் நியூட்ரல் வழியாகவோ, அணைக்க மறந்த ஒரு சுவிட்ச் வழியாகவோ அந்த மின்சாரம் கம்பத்துக்கு ஏறும். அங்கே லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி ஒரு லைன்மேன் வேலை செய்துகொண்டிருப்பார். காரிலிருந்து ஒரு தனி வயர், அதன் முனையில் ஒரு பெட்டி, அதில் நேரடியாக ஃபேனும் விளக்கும். அப்படி மட்டும் எடுங்கள். சதவீதம் நாற்பதுக்கு வந்ததும் அதையும் நிறுத்திவிடுங்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வர முப்பது வேண்டும், மரம் விழுந்த சாலையில் சுற்றிப்போக மீதிப் பத்து.